மறைந்திருப்போரைக் கணக்கிடுதல்: புதிய போதைப் பொருள்களும் கள ஆய்வு முறைகளும்

திட்டமிடுதலின் முதற்படி எண்ணிக்கையாகும். ஒரு மாவட்டத்திற்கு எத்தனை பள்ளிகள் வேண்டும் என்பதைப் பள்ளி வயதுக் குழந்தைகளின் தொகையும், எத்தனை டன் உரம் வேண்டும் என்பதைச் சாகுபடிப் பரப்பும் உணர்த்திவிடும். இக்கணக்குகளில் எண்ணப்படுவோர் தம்மை மறைத்துக் கொள்வதில்லை. போதைப் பொருள்களைப் பயன்படுத்துவோரின் தொகையை அறிய முற்படும்போதோ நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. எண்ணப்பட வேண்டியவரே எண்ணப்படுவதை விரும்புவதில்லை. சட்டத்திற்கு அஞ்சுகிறார்; குடும்பத்தினர் அறிந்துவிடுவரோ என்று கூசுகிறார்; சில வேளைகளில் தாம் உட்கொள்ளும் பொருள் இன்னதென்பதையே அறியாதிருக்கிறார்.

ஆந்திரப் பிரதேசத்தில் தமிழ்நாட்டு எல்லையை அடுத்து அமைந்துள்ள பிச்சாட்டூர் மண்டலத்தை எண்ணிப் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்படும் வரை இது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இப்போது திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. ஆரணியாற்று அணை இங்குள்ளது. சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்லும் சாலை இவ்வூர் வழியே செல்கிறது. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் வட்டாரம் இது. இத்தகைய ஓர் எல்லைப்புற மண்டலத்தில் போதை மீட்புச் சிகிச்சை எவ்வளவு பேருக்குத் தேவைப்படும், எந்தப் பொருளுக்கான சிகிச்சை தேவைப்படும் என்று மாவட்ட நிர்வாகம் கேட்டால் அதற்கு விடை காண்பது எப்படி? இப்பழக்கம் இங்குப் பரவியுள்ளது என்பது இதன் பொருளன்று. பரவியுள்ளதா இல்லையா என்பதை அறியும் வழி யாது என்பதே வினா.

‘புதிய’ என்பதன் பொருள்

1961, 1971 ஆகிய ஆண்டுகளின் பன்னாட்டு உடன்படிக்கைகளின் பட்டியல்களில் இடம்பெறாதவையும், பொதுச் சுகாதாரத்திற்குக் கேடு விளைவிக்கக் கூடியவையுமான பொருள்களை ‘புதிய மனமயக்கப் பொருள்கள்’ என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு வரையறுத்துள்ளது. இங்குப் ‘புதிய’ என்னும் சொல் அண்மையில் கண்டுபிடிக்கப்பட்டது என்று பொருள்படாது. அண்மையில் சந்தைக்கு வந்தது என்றே பொருள்படும். மெஃபிட்ரோன் என்னும் பொருள் 1929-லேயே ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்பட்டது. ஆனால் இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டின் பிற்பகுதியில்தான் ஐரோப்பியச் சந்தைகளில் பெருமளவில் புழங்கலாயிற்று. இந்தியாவில் அது 2015-ஆம் ஆண்டில் போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. மயக்க மருந்தாகிய கெட்டமைன் 2011-லும், வலி நீக்கும் மருந்தாகிய டிரமடால் 2018-லும் இச்சட்டத்தின் வரம்பிற்குள் வந்தன.

உலக நாடுகள் இதுகாறும் அறிவித்துள்ள இத்தகைய பொருள்களின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கடந்துவிட்டது. ஒன்று தடை செய்யப்பட்டதும், அதன் வேதியியல் அமைப்பைச் சிறிதே மாற்றிப் பிறிதொன்று விற்கப்படுகிறது. ஆகவே ஆய்வாளர் தமது வினாத்தாளை அச்சிட்டு முடிப்பதற்குள்ளாகவே அதிலுள்ள பெயர்கள் பழையனவாகிவிடக் கூடும். வினாத்தாளில் இல்லாத பொருள், புள்ளிவிவரத்திலும் இல்லாததாகிவிடுகிறது.

வீடுதோறும் கணக்கெடுப்பு

பேராசிரியர் மகலனோபிசின் முயற்சியால் 1950-ல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு, சில ஆயிரம் குடும்பங்களை முறைப்படி தேர்ந்தெடுத்து வினவுவதன் மூலம் நாடு முழுவதன் நிலையையும் மதிப்பிட முடியும் என்பதை மெய்ப்பித்தது. போதைப் பொருள் பற்றிய ஆய்வுகளும் இம்முறையையே முதலில் பின்பற்றின. 2000-2001-ல் நடைபெற்று 2004-ல் வெளியான தேசிய ஆய்வு, 12 முதல் 60 வயது வரையுள்ள 40,697 ஆண்களை அவர்தம் வீடுகளில் கண்டு வினவியது. பெண்கள் இக்குடும்பக் கணக்கெடுப்பில் இடம்பெறவில்லை.

இதனினும் மிகப் பெரிய முயற்சி, சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் சார்பில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் தேசிய போதைச் சார்பு சிகிச்சை மையம் 2018-ல் நடத்தி, 2019 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வாகும். 186 மாவட்டங்களில் 2,00,111 வீடுகளுக்குச் சென்று, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட 4,73,569 பேர் வினவப்பட்டனர். மது அருந்துவோர் 14.6 சதவிகிதம் எனவும், கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 2.8 சதவிகிதம் எனவும், அபின் வகைகளைப் பயன்படுத்துவோர் 2.1 சதவிகிதம் எனவும் இவ்வாய்வு மதிப்பிட்டது. மெஃபிட்ரோன் போன்ற புதிய பொருள்களுக்கு நெருக்கமான ஊக்கிகளாகிய ஆம்பெட்டமைன் வகைகளைப் பயன்படுத்துவோர் 0.18 சதவிகிதமே.

இந்தக் கடைசி எண்ணைச் சற்று ஆராய்ந்தால் முறையின் எல்லை புலப்படும். வினவப்பட்டோரை மாவட்டங்களுக்குப் பகிர்ந்தால், ஒரு மாவட்டத்திற்குச் சராசரியாக 2,546 பேர் வருவர். அவர்களுள் 0.18 சதவிகிதம் என்பது நான்கு அல்லது ஐந்து பேராகும். தற்செயலின் காரணமாக அது இரண்டாகவும் இருக்கலாம்; எட்டாகவும் இருக்கலாம். எனவே நாடு முழுவதற்கும் பொருந்தும் ஓர் எண், ஒரு மாவட்டத்தைப் பற்றி ஏறத்தாழ ஒன்றும் கூறுவதில்லை; ஒரு மண்டலத்தைப் பற்றிச் சிறிதும் கூறுவதில்லை. ஆம்பெட்டமைன் வகைகள் அனைத்திற்கும் சேர்த்தே நிலைமை இதுவெனின், தனியொரு புதிய பொருளைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

மற்றொரு குறைபாடும் உண்டு. வீடுதோறும் செல்வோர் வீட்டிலிருப்போரையே காண்பர். விடுதி மாணவர், லாரி ஓட்டுநர், கட்டடப் பணிக்காக இடம் பெயர்ந்தோர், நடைபாதையில் வாழ்வோர், சிறையிலிருப்போர் ஆகியோர் கணக்கிலிருந்து விடுபடுகின்றனர். வீட்டிலிருக்கும் இளைஞரும் தாயும் தந்தையும் அருகிலிருக்கையில் உள்ளதை உள்ளவாறு கூறுவார் என எதிர்பார்ப்பதற்கில்லை.

இரண்டு எண்கள், இரண்டு உண்மைகள்

பிரிட்டனின் அனுபவம் இவ்வகையில் படிப்பினை தருவதாகும். அங்கு 2010 ஏப்ரலில் மெஃபிட்ரோன் தடை செய்யப்பட்டது. குற்றங்கள் பற்றிய அந்நாட்டின் குடும்பக் கணக்கெடுப்பில் 2010-11-ல்தான் அப்பொருளைப் பற்றிய வினா முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. முந்தைய ஓராண்டில் அதனைப் பயன்படுத்தியோர் 16 முதல் 59 வயதுடையோரில் 1.4 சதவிகிதம் எனவும், 16 முதல் 24 வயதுடையோரில் 4.4 சதவிகிதம் எனவும் அது தெரிவித்தது. ஆனால் இதற்குச் சற்று முன்னரே நடன அரங்குகளுக்குச் செல்வோர் படிக்கும் ஓர் இதழின் வாயிலாக இணையவழி நடத்தப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ 40 சதவிகிதத்தினர் ஒரு முறையேனும் அதனைப் பயன்படுத்தியதாகக் கூறியிருந்தனர்.

இவ்விரண்டில் எது சரி என்று வினவுதல் பொருந்தாது. முதலாவது, நாட்டு மக்களிடையே அப்பழக்கம் எவ்வளவு பரவியுள்ளது என்பதைக் கூறுகிறது. இரண்டாவது, தாமே முன்வந்து விடையளித்த ஒரு குறிப்பிட்ட குழுவினரின் நிலையைக் கூறுகிறது. அதனை நாட்டின் மக்கள்தொகையால் பெருக்குதல் பெருந்தவறாகும். ஆனால் புதிதாக ஒரு பொருள் நுழைந்துவிட்டது என்பதை அரசுக் கணக்கெடுப்பைவிட முந்தி அறிவித்தது இரண்டாவதே. பரவலை அளப்பதற்கு ஒரு கருவியும், எச்சரிக்கை பெறுவதற்கு மற்றொரு கருவியும் வேண்டும்.

ஒருவர் வழியாக மற்றவர்

மறைந்து வாழ்வோரை அரசு அறியாவிடினும் அவர்கள் ஒருவரையொருவர் அறிவர். இவ்வுண்மையின் அடிப்படையில் எழுந்ததே ‘பனிப்பந்து மாதிரி’ முறை. ஒருவர் இருவரை அறிமுகப்படுத்த, அவர்கள் மேலும் சிலரைக் காட்ட, உருளும் பனிப்பந்து பெருப்பதைப் போல் பட்டியல் வளரும். ஆனால் நண்பர்கள் மிகுந்தோர் எளிதில் அகப்படுவர், தனித்திருப்போர் விடுபடுவர். எனவே கிடைத்தோரின் பண்புகளை அனைவரின் பண்புகளாகக் கொள்ள இயலாது.

இக்குறையைப் போக்க அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் 1997-ல் ஒரு திருத்தத்தை முன்வைத்தார். தொடக்கத்தில் சிலர் மட்டும் தேர்ந்தெடுக்கப்படுவர். ஒவ்வொருவருக்கும் பெரும்பாலும் மூன்று கூப்பன்கள் வழங்கப்படும். அவர் எவர் பெயரையும் ஆய்வாளரிடம் கூற வேண்டுவதில்லை. தாம் அறிந்தவரிடம் கூப்பனைக் கொடுத்தால் போதும். பெறுபவர் விரும்பினால் தாமே வருவார். கூப்பன்கள் அளவோடு வழங்கப்படுவதால் ஒருவரே பலரைக் கொண்டு வந்து குவித்தல் தடுக்கப்படுகிறது. மேலும், “உமக்குத் தெரிந்தவருள் இப்பொருளைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு, அறிமுகம் மிகுந்தோருக்குக் குறைந்த எடையும் அறிமுகம் குறைந்தோருக்கு மிகுந்த எடையும் கணக்கில் அளிக்கப்படுகின்றன.

இம்முறை இந்தியாவிற்குப் புதிதன்று. சென்னையிலுள்ள ஒய்.ஆர்.ஜி. மையம் 2012-13-ல் 15 நகரங்களில் போதை ஊசி போட்டுக் கொள்வோர் 14,481 பேரை இவ்வழியில் கண்டு எச்.ஐ.வி. தொற்று நிலையை ஆராய்ந்தது. மேலே கூறிய 2018-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வும் குடும்பக் கணக்கெடுப்போடு அமையவில்லை. 135 மாவட்டங்களில், சட்டவிரோதப் போதைப் பொருள்களைச் சார்ந்து வாழும் 72,642 பேரைக் கூப்பன் வழியே கண்டறிந்தது. மதுவுக்கும் கஞ்சாவுக்கும் குடும்பக் கணக்கெடுப்பு போதுமானதாகலாம். ஹெராயின் போன்றவற்றிற்குப் போதாது என்பதை அந்த ஆய்வின் அமைப்பே ஒப்புக் கொள்கிறது.

இரண்டு பட்டியல்களின் கணக்கு

கூப்பன் முறை பயன்படுத்துவோரின் பண்புகளைக் காட்டும். மொத்தத் தொகையைத் தானாகக் காட்டாது. அதற்கு மற்றொரு பட்டியல் வேண்டும். இத்துறையில் முன்னோடிப் பணி இந்தியாவில் நிகழ்ந்தது என்பது பெருமைக்குரியது. கல்கத்தாவை அடுத்த சிங்கூர் வட்டாரத்தில் பிறப்பு இறப்புகளில் எத்தனை பதிவாகாமல் விடுபடுகின்றன என்பதை அறிய, பதிவாளரின் பட்டியலையும் வீடுதோறும் எடுத்த பட்டியலையும் ஒப்பிட்டு, சி. சந்திரசேகரும் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949-ல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டனர். இரு பட்டியல்களிலும் இல்லாதோரின் தொகையையும் அச்சூத்திரம் மதிப்பிட்டது.

அதன் கருத்து எளிதானது. ஒரு நகரில் சிகிச்சை மையத்தின் பட்டியலில் 80 பேரும், தொண்டு நிறுவனத்தின் பட்டியலில் 60 பேரும் உள்ளனர் என்றும், 12 பேர் இரண்டிலும் உள்ளனர் என்றும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தொண்டு நிறுவனம் கண்ட 60 பேரில் 12 பேர், அதாவது ஐந்தில் ஒருவர், சிகிச்சை மையத்திற்குச் சென்றுள்ளார். எனவே மையத்திற்குச் சென்ற 80 பேர் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காவர். மொத்தத் தொகை 400. இதே தர்க்கத்தின் சுருங்கிய வடிவமே ‘பெருக்கி முறை’. கூப்பன் வழி வந்தோரில் எத்தனை சதவிகிதத்தினர் கடந்த ஆண்டில் சிகிச்சை பெற்றனர் என்று வினவி, சிகிச்சை பெற்றோரின் உண்மைத் தொகையை அந்த விகிதத்தால் வகுத்தால் மொத்தம் கிடைக்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு பட்டியலில் இருப்போர் மற்றதிலும் இருப்பதற்கான வாய்ப்பு மிகுந்திருக்குமானால் மதிப்பீடு உண்மையினும் குறைந்துவிடும். தொண்டு நிறுவனமே தன்னிடம் வருவோரைச் சிகிச்சை மையத்திற்கு அனுப்புமானால் இவ்வாறுதான் நேரும். இதனைக் குறைக்க, மக்களை வயது, இடம் முதலியவற்றால் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிடுமாறு சந்திரசேகரும் டெமிங்கும் அன்றே அறிவுறுத்தினர்.

அறியாமல் உட்கொள்வோர்

எந்த வினாவிற்கும் விடை சொல்ல இயலாதவரும் உளர். தெலங்கானாவில் 2015-ல் கலப்படக் கள்ளுக்கு எதிராக அதிகாரிகள் கடும் நடவடிக்கை எடுத்தபோது, நடுக்கம், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றுடன் ஏராளமானோர் மருத்துவமனைகளுக்கு வந்தனர். கள்ளில் கலக்கப்பட்டு வந்த அல்பிரசோலம், டயசெபாம், குளோரல் ஹைட்ரேட் போன்ற மருந்துகள் திடீரென நின்றதால் ஏற்பட்ட விளைவு அது. அவர்களிடம் அதற்கு முன்னர் ஓர் ஆய்வாளர் சென்று, “தூக்க மாத்திரைகளைப் பயன்படுத்துகிறீரா?” என்று கேட்டிருந்தால், “இல்லை” என்றே கூறியிருப்பர். அவ்விடை பொய்யன்று, ஆயினும் உண்மையும் அன்று.

புதிய மனமயக்கப் பொருள்களுக்கு இது பெரிதும் பொருந்தும். விற்பவர் ஒரு பெயர் சொல்லி வேறொன்றைக் கொடுப்பது இச்சந்தையின் இயல்பு. ஆகவே வாய்மொழி விடைகளோடு, மருத்துவமனை அவசரப் பிரிவுகளின் பதிவேடுகள், தடய அறிவியல் ஆய்வகங்களின் முடிவுகள், நோயாளிகளின் இசைவுடன் செய்யப்படும் சிறுநீர்ப் பரிசோதனைகள் ஆகியவற்றை இணைத்துப் பார்த்தல் இன்றியமையாதது. 2005-ல் இத்தாலியின் போ ஆற்று நீரில் கொக்கெயினின் எச்சத்தை அளந்ததிலிருந்து, கழிவுநீரைப் பகுத்தாய்ந்து ஒரு நகரத்தின் நுகர்வை மதிப்பிடும் முறையும் வளர்ந்துள்ளது. ஆனால் பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு அது பயன்படாது. எத்தனை பேர், எவர் என்பதையும் அது கூறாது.

விடை கூறுவோர் மிகைப்படுத்துவதும் உண்டு. இல்லாத ஒரு பொருளின் பெயரை வினாத்தாளில் சேர்த்து, அதனையும் பயன்படுத்தியதாகக் கூறுவோரை இனங்காணும் உத்தி ஐரோப்பியப் பள்ளி மாணவர் ஆய்வுகளில் கையாளப்பட்டது.

நம்பிக்கையே அடிப்படைக் கருவி

மேற்கூறிய முறைகள் யாவும் ஒரு பொது நிபந்தனையின் மீது நிற்கின்றன. தாம் கூறுவது தமக்கு எதிராகத் திரும்பாது என்று விடையளிப்பவர் நம்ப வேண்டும். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி போதைப் பொருளை உட்கொள்வதே தண்டனைக்குரியது. தாமே முன்வந்து சிகிச்சை பெறுவோருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்க 64-அ பிரிவு வழி செய்கிறது. ஆயினும் இதனை அறிந்தோர் மிகச் சிலரே. இந்நிலையில் பெயரும் முகவரியும் எழுதாமை, இசைவு பெற்ற பின்னரே வினவுதல், காவல் துறையினர் உடன் செல்லாமை ஆகியவற்றை வெறும் நாகரிகமாகக் கருதலாகாது. அவை அளவீட்டுக் கருவியின் உறுப்புகளாகும். ஒரு முறை ஆய்வின் பட்டியல் கைதுக்குப் பயன்பட்டதெனச் செய்தி பரவினால், கூப்பன் சங்கிலி அறுந்துவிடும். அடுத்து நடக்கும் ஆய்வில் கிடைக்கும் குறைந்த எண்ணைப் பழக்கம் குறைந்ததன் அடையாளமாக நிர்வாகம் தவறாகக் கருதவும் கூடும்.

பிச்சாட்டூர் போன்ற வட்டாரங்களில்

இக்கருத்துகளை ஒரு சிறு வட்டாரத்திற்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு மண்டலத்தில் தனியே குடும்பக் கணக்கெடுப்பு நடத்துவது, முன்னர்க் காட்டிய கணக்கின்படி, பொருட் செலவன்றிப் பயன் தராது. முதலில் வேண்டுவது ஒரு விரைவு மதிப்பீடு. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், மருந்துக் கடைக்காரர், 108 அவசர ஊர்திப் பணியாளர், கல்லூரி ஆசிரியர், லாரி ஓட்டுநர் ஆகியோரிடம் உரையாடி, எப்பொருள்கள் எப்பெயர்களில் வழங்குகின்றன என்று தொகுத்தல் வேண்டும். இப்பெயர்கள் தெலுங்கிலும் தமிழிலும் வேறுபடலாம். வினாத்தாள் இரு மொழிகளிலும் அமைதல் முறையாகும்.

அடுத்து, ஆய்வின் எல்லை நிர்வாக எல்லையாக இருத்தலாகாது. ஊத்துக்கோட்டைக்கு வேலைக்கும் கடைக்கும் சென்று வரும் ஒருவரின் கூப்பன், மாநில எல்லையைக் கண்டு நிற்காது. திருப்பதி, திருவள்ளூர் மாவட்டங்கள் இணைந்து ஒரே ஆய்வாக நடத்தினாலன்றி இரு பக்கமும் பாதிச் சங்கிலியே கையில் கிடைக்கும். ஒப்பிடுவதற்குரிய இரண்டாவது பட்டியலையும் இரு மாவட்டங்களின் அரசு மருத்துவமனைகளிலிருந்தும் பெறல் வேண்டும்.

மூன்றாவதாக, சிற்றூரில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். நேர்காணல் மண்டல அலுவலகத்தில் நடைபெறுமாயின் எவரும் வரமாட்டார். சுகாதார நிலையத்தின் பொதுவான பரிசோதனை முகாமோடு சேர்த்து நடத்தினால், வருபவர் எதற்காக வந்தார் என்பது பிறருக்குப் புலப்படாது. முடிவுகளையும் மண்டல அளவில் வெளியிடுதல் தகாது. ‘இம்மண்டலத்தில் ஏழு பேர்’ என்று அச்சிடுவது அந்த ஏழு பேரைச் சுட்டிக்காட்டுவதற்கு ஒப்பாகும். மாவட்ட அளவில் தொகுத்து வெளியிட்டால் திட்டமிடுதலுக்கும் பயன்படும். எவருக்கும் தீங்கும் நேராது.

எண்ணின் பயன்

2018-ஆம் ஆண்டு ஆய்வு வெறும் அறிக்கையாக நின்றுவிடவில்லை. அதன் முடிவுகளையும் போதைப் பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவின் தகவல்களையும் கொண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட 272 மாவட்டங்களில், 2020 ஆகஸ்டு 15 அன்று ‘நஷா முக்த் பாரத்’ இயக்கம் தொடங்கப்பட்டது. அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. மதுவைச் சார்ந்து வாழ்வோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார். சட்டவிரோதப் போதைப் பொருள்களைச் சார்ந்து வாழ்வோரில் 20 பேருக்கு ஒருவரே உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றிருந்தார். எண்ணப்பட்டோருக்கே நிலை இதுவெனில், எண்ணப்படாதோரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

எனவே ஒரு புள்ளிவிவரம் மேசைக்கு வரும்போது அதிகாரிகளும் மாணவர்களும் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம்: இது எவரைக் கண்டு எடுத்த எண்? எவரைக் காணாமல் எடுத்த எண்? விடையளித்தவருக்கு உண்மையைக் கூறுவதில் அச்சம் இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே நிதியும் மருத்துவரும் படுக்கைகளும் ஒதுக்கப்படுதல் வேண்டும். தம்மை நம்பி உண்மையைக் கூறியவருக்கு அருகிலேயே ஒரு சிகிச்சை மையம் கிடைக்குமாயின், அடுத்த கணக்கெடுப்பில் கூப்பனை வாங்கிக் கொள்ள அவரும் அவர் நண்பரும் தயங்கமாட்டார்கள்.